நத்தார் பாப்பா பேசுவதில்லை

டெனிஸ்ரனுடைய போன் ஒவ்வொருவர் கையாக மாறி யாக்கோப்பின் கைக்கு வந்தபோது, அதற்குள் ஐந்தாறு நத்தார் பாப்பாக்கள் வெள்ளைத் தாடியும் சிவப்பு உடுப்புமாகப் பனிக்குள் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டுப் பாப்பாக்களோ தெரியாது. உடுப்புக்குள் காற்றை அடைத்துக்கொண்டு, முகம் எது முதுகு எது என்று பிரித்தறிய முடியாமல் உருண்டு திரண்டு குலுங்கினார்கள். ஆட்டத்துக்கு நடுவே ஓயாமல் "ஹோ ஹோ ஹோ" என்று சத்தம் வேறு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, நாரந்தனையின் பங்கு மண்டபத்தில் கரோல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. யாக்கோப்பு படத்தைக் கடைசிவரை பார்த்தார். "நல்லாய்த்தான் இருக்கு" என்று சொல்லிப் பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் போனைக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"இந்த உடுப்பைக் கொழும்பிலை ஒராள் ஒன்லைனிலை விக்கிறார். உள்ளுக்குள்ளை பற்றரியிலை ஓடுற சின்ன ஃபான் ஒண்டு இருக்கு. நான் ஓடர் பண்ணிப்போட்டன்," என்றான் டெனிஸ்ரன். இருபத்துநான்கு வயது. ஊர்காவற்றுறையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். நீதான் பாப்பா என்று ஒருவரும் சொல்வதற்கு முன்னமே உடுப்புக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்பதை அந்த மண்டபத்தில் யாக்கோப்பு ஒருவர்தான் கவனித்தார் போலிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஃபானைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பங்குச் சுவாமி எழும்பி, "யாக்கோப்பு அண்ணை பதினெட்டு வருசமாய்ப் பாப்பாவாய் நடந்து களைச்சுப்போனார். இந்த வருசம் அவருக்கு ஓய்வு குடுப்பம், என்ன அண்ணை?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பதினெட்டு வருடத்தில் யாக்கோப்புக்குக் கிடைத்த முதலாவது கைதட்டல், அவரை அனுப்பி வைப்பதற்காகக் கிடைத்தது.

"ஓம் சுவாமி, பெடியள் செய்யட்டும்," என்றார் அவர். அப்படிச் சொல்லாமல் வேறு என்ன சொல்ல முடியும்? ஐம்பத்தெட்டு வயது மனிசன், வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்திய சம்மாட்டியாக இருந்தவன், பாப்பா வேஷம் தரமாட்டேன் என்று காலை உதைத்து அழவா முடியும்?

நாரந்தனைப் பாப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. வாய் திறக்கக் கூடாது. திறந்தால் குஞ்சு குருமான்கூட, "இது யாக்கோப்பு மாமாவெல்லோ" என்று பிடித்துவிடும். ஆகவே பாப்பா வருவார், மணி அடிப்பார், பிள்ளைகளுக்கு ரொபி கொடுப்பார், வீட்டுக்காரர் நீட்டும் தட்டில் ஒரு பலகாரத்தை எடுத்துப் பைக்குள் போடுவார், போய்விடுவார். பெரியவர்களுக்கு அவர் யாரென்று தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதுதான் பாப்பாவுக்குக் கொடுக்கும் மரியாதை. அந்த மரியாதையின் துணையோடுதான் யாக்கோப்பு கடந்த ஒன்பது வருடமாகத் தன்னுடைய அக்கா கத்தரீனாவின் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். பாப்பா என்ற வேஷம் போனால் போகட்டும். அந்தப் படலையும் அதோடு சேர்ந்து போகிறது என்பதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

அக்காவோடு வந்த கோபத்தை வெளியாள் கேட்டால் சிரிப்பார். கத்தரீனாவின் புருஷன் எப்போதோ காய்ச்சலில் போய்விட்டார். மகன் றொமேஷின் கலியாணத்துக்குச் சொல்வதற்காக அவள் தம்பி வீட்டுக்கு வந்த நாளில் யாக்கோப்பு கடலில் நின்றார். அவள் அவருடைய மனைவி ஜெயந்தாவிடம் சொல்லி, தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனாள். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன் இடத்தில் நிற்க வேண்டியவன் தாய்மாமன். அவனிடம் நேரில் சொல்ல இன்னொரு தரம் வரவேண்டாமா? யாக்கோப்பு காத்திருந்தார். சொன்னது சொன்னதுதானே என்று அவள் இருந்துவிட்டாள். கலியாணத்தன்று அவர் தன் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் இருந்து வலை தைத்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் புங்குடுதீவிலிருந்து வந்த யாரோ ஒரு சித்தப்பன் கோட் போட்டுக்கொண்டு நின்றானாம். அந்தப் படம் பேஸ்புக்கில் வந்தபோது, ஜெயந்தாவின் போனை வாங்கி அந்தக் கோட்டுக்காரனை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அக்கா மீது வந்தது கோபம். அவன் மீது வந்தது பொறாமை. கோபம் இரண்டு மூன்று வருடத்தில் அடங்கிப்போனது. மற்றது அடங்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் தெருவில் கண்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி போனார்கள். வருடத்தில் ஒரு நாள் மட்டும், கரோல் வரும் நாளில், கத்தரீனா விறாந்தையில் கதிரை போட்டு இருப்பாள். கடற்கரைப் பக்கம் கடைசி வீடு. பாப்பா வந்ததும் எழும்பி, சீனி பூசிய சிப்பிப் பலகாரத் தட்டை நீட்டுவாள். அவர் ஒன்று எடுப்பார். அவள் அந்தக் கையுறைக் கையைத் தன்னுடைய இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விடுவாள். இவ்வளவுதான். அவளுடைய தலை நரைத்ததும், முழங்கால் வீங்கி அவள் காலை இழுத்து நடக்கத் தொடங்கியதும் அவர் முகமூடியின் இரண்டு ஓட்டைக்குள்ளால் பார்த்து அறிந்த சங்கதிகள். வீட்டுக்கு வந்தால் ஜெயந்தா, "அக்கா சுகமாய் இருக்கிறாவே?" என்று கேட்பாள். "இருக்கிறா," என்பார். இனி அந்தச் செய்தியையும் டெனிஸ்ரனிடம்தான் கேட்க வேண்டும்.

மார்கழி பிறந்தது. வாடைக்காற்று விட்டபாடில்லை, வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஜெயந்தா குசினி வாசலில் இருந்து போனில் கேக் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டில் கேக் சுடுகிற அவண் இல்லை. அவண் இல்லாமல் குக்கரில் மணலைப் போட்டு றிச் கேக் செய்வது எப்படி என்று ஒரு பெண் அதற்குள் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இதிலை கிறான்பெரி போடச் சொல்லுது. அதென்ன சாமானப்பா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? பூசணித் தோசியைப் போடும். இஞ்சரும், அந்தப் போனை ஒருக்காத் தாரும்."

"என்னத்துக்கு?"

"பாப்பாவுக்குப் புதிசாய் என்ன செய்யலாம் எண்டு பாப்பம்."

ஜெயந்தா நிமிர்ந்து பார்த்தாள். "பாப்பாவைத்தான் குடுத்துப்போட்டியளே."

"ஆர் குடுத்தது? பறிச்சவங்கள்."

எழுத்துகளைத் தட்டித் தேட அவருக்குப் பொறுமை இல்லை. மைக் படத்தை அமத்திவிட்டு, அடுத்த வள்ளத்தைக் கூப்பிடும் குரலில், "நத்தார் விளையாட்டு!" என்று கத்தினார். போன் பயப்படாமல் கொண்டுவந்து கொட்டியது. குளிர்கால விடுமுறையில் குடும்பத்தோடு விளையாட ஐம்பது விளையாட்டுகள். பனி கொட்டி வெளியே போக முடியாத நாட்களில் பிள்ளைகளை மகிழ்விக்கும் வழிகள். அடுப்புக்கு மேலே சப்பாத்துக் காலுறைகளைத் தொங்கவிடுவது. அவருடைய வீட்டு அடுப்புக்கு மேலே கருவாடுதான் தொங்கியது. இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்டுவது. ஒரு மணித்தியாலத்தில் எறும்பு குடிவந்துவிடும். சூடான சொக்கலேற் பானத்தில் பஞ்சு மாதிரி எதையோ மிதக்கவிட்டுக் குடிப்பது. ஜெயந்தா பக்கத்தில் வந்து இருந்து பார்த்தாள். "வேலை வெட்டி இல்லாத சனம்," என்றாள். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

யாக்கோப்பு பார்க்கப் பார்க்க, முன்பின் தெரியாத அந்த மனிசர் மீதும் அவருக்குப் பொறாமை வந்தது. வெளியே பனி. உள்ளே எல்லோரும் ஒரே அறையில். ஒருவரும் ஒருவரோடும் கோபித்துக்கொண்டு போக வழியில்லை, கதவு பனியில் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு படத்தில் தலை நரைத்த அக்காவும் தம்பியும் ஒரே மாதிரிச் சிவப்புக் கட்டச் சட்டை போட்டுக்கொண்டு, ஆளை ஆள் தோளால் இடித்துச் சிரித்தபடி, மாவில் நட்சத்திரம் வெட்டினார்கள். அவர் அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்தார். மூன்றாம் தரம் ஜெயந்தா எழும்பிப் போய்விட்டாள்.

பனியில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். டெனிஸ்ரனிடம் ஃபான் இருக்கிறது. பனி இல்லை. நாரந்தனையில் பனி பெய்யும்படி செய்துவிட்டால், பாப்பா யார் என்ற கேள்வியே எழும்பாது. அடுத்த பின்னேரமே, "வீட்டில் பனி செய்வது எப்படி?" என்று கத்தினார். சவர நுரையில் செய்தார்கள், அப்பச் சோடாவில் செய்தார்கள், சோள மாவில் செய்தார்கள். எல்லாம் மழைக்குக் கரைந்துபோகிற பனி. மார்கழியில் மழை இல்லாமல் கரோல் போனதாக இந்தத் தீவில் சரித்திரம் இல்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் மீன் வாடிப் பக்கம் போனவர் கண்ணில், ஐஸ் போட்டு மீன் அனுப்பும், நுரைபோல இலேசான றெஜிபோம் பெட்டிகள் பட்டன. உடைந்து ஒதுக்கிய பெட்டிகள். பனியைவிட வெள்ளை. கரையாது. தூக்கிக்கொண்டு வந்து, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, ஜெயந்தாவின் தேங்காய்த் துருவலையில் வைத்துத் துருவினார். இரண்டு உரப்பை நிறையப் பனி. மணந்து பார்த்தார். ஒரு மணமும் இல்லை. ஜெயந்தாவையும் மணக்கச் சொன்னார். துருவலை போன ஆத்திரத்திலும் அவள் மணந்து பார்த்து, "ஒண்டும் இல்லை," என்றாள். நாற்பது வருடம் மீனுக்குள் கிடந்த மூக்குகள் அவை.

கரோல் பழகுகிற அன்று பையை மண்டபத்துக்குக் கொண்டுபோனார். "பெடியள், எல்லாரும் ஒருக்கா நடுவுக்கு வாங்கோ," என்று சொல்லி, நிலத்தில் நிற்கும் ஃபானை நிமிர்த்திவைத்து, அதற்கு முன்னால் பையைக் கவிழ்த்தார். பனி எழும்பியது. உண்மையாகவே எழும்பியது. முதல் சில கணங்கள் பிள்ளைகள் "ஆ!" என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். யாக்கோப்பின் நெஞ்சு நிறைந்துபோனது. டெனிஸ்ரனை ஓரக் கண்ணால் பார்த்தார். அவனும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றான். பிறகு ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தியது. இன்னொன்று. மழை ஈரத்துக்கு றெஜிபோம் தூள் தலையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டின இடமெல்லாம் பழைய சூடை மீன் மணத்தது. சுவாமி தும்மினார். எங்கிருந்தோ இரண்டு பூனைகள் மண்டபத்துக்குள் வந்து, பனிக்குள் நின்று நிலத்தை நக்கின.

"பாப்பா கருவாட்டு வாடியிலையிருந்தோ வாறார்?" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு சிரிப்பை ஒருவராலும் நிற்பாட்ட முடியவில்லை.

டெனிஸ்ரன் சிரிக்கவில்லை. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்து அவரோடு சேர்ந்து கூட்டினான். "ஐடியா திறம் மாமா. புதுப் பெட்டியிலை செய்திருந்தால் கலக்கியிருக்கும்," என்றான். அவன் சிரித்திருந்தால் யாக்கோப்புக்குத் தாங்கியிருக்கும். இவ்வளவு நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்றுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரோல் நாள் மழை சொல்லிவைத்தது போல ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஜெனறேற்றர், ஸ்பீக்கர், பாட்டுக்கு வாசிக்கிற ஓகன் எல்லாம் ஏற்றி மேலே தறப்பாள் கட்டியிருந்தார்கள். காற்றுக்குத் தறப்பாள் நிற்கவில்லை. ஓகன் நனையாமல் பக்கத்தில் நின்று குடை பிடிக்கிற வேலையை யாக்கோப்புக்குக் கொடுத்தார்கள். பாப்பாவாக இருந்தவன் ஓகனுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் டெனிஸ்ரன் ஃபானைப் போட்டு உப்பிக்கொண்டு இறங்கினான். மைக்கில் "ஹோ ஹோ ஹோ" என்றான். முற்றத்துச் சேற்றில் ஆடினான். வயிற்றால் கதவில் மோதிக் குலுங்கினான். யாக்கோப்பைக் கண்டு பதினெட்டு வருடம் தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளித்த பிள்ளைகள், இந்தப் பாப்பாவின் வயிற்றில் ஏறி விழுந்து விளையாடினார்கள். கிழடுகளும் சிரித்தார்கள். நன்றாக இருக்கிறது, உண்மையாகவே நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. ஏதாவது பிழைக்காதா, ஃபான் நிற்காதா, அவன் வழுக்கி விழமாட்டானா என்று வீட்டுக்கு வீடு மனம் ஏங்கியது. அப்படி ஏங்குகிற மனத்தை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

கடற்கரைப் பக்கம் வண்டி திரும்பியபோது ஏழு மணி. கத்தரீனாவின் விறாந்தை வெளிச்சம் தெரிந்தது. முழங்காலில் ஒப்பரேசன் செய்த பிறகு அவள் ஆறு மாதமாகப் பூசைக்கு வருவதில்லை. மகன் கலியாணத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். மகள் நிலக்சனாவுக்கு வவுனியாவில் வேலை. ஆகவே பாப்பா மாறின கதை அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று யாக்கோப்பு பாதி வழியிலேயே கணக்குப் பார்த்திருந்தார். வண்டி நின்றதும் டெனிஸ்ரனின் உப்பின கையைப் பிடித்தார்.

"தம்பி, இந்த வீட்டிலை வாய் திறக்காதை. ஆடவும் வேண்டாம். மணியை மட்டும் அடி. தட்டு நீட்டுவா. ஒண்டு எடுத்துக்கொண்டு வா."

"ஏன் மாமா?"

"அவவுக்கு அப்பிடித்தான் பழக்கம்."

அது பாதி உண்மை. மீதியை அவர் சொல்லவில்லை. தன்னிடமிருந்து பாப்பாவைப் பறித்துவிட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியக் கூடாது. உள்ளே வந்து நிற்பது தம்பிதான் என்று அவள் இந்த ஒரு வருடமாவது நினைத்துக்கொள்ளட்டும். அவன் சரியென்று மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். பாட்டுக்காரர் முற்றத்துக்குள் இறங்கினார்கள். யாக்கோப்பு வண்டியிலேயே நின்று, குடையை முகத்துக்கு முன்னால் சரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தால் பார்த்தார்.

கத்தரீனா கதிரையின் கையைப் பிடித்து எழும்பினாள். தட்டை நீட்டினாள். டெனிஸ்ரன் சொன்னபடியே ஒன்று எடுத்தான். அவள் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு அவனுடைய கையைப் பிடித்தாள். யாக்கோப்புக்குத் தன்னுடைய கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விடுவாள், இப்போது விடுவாள் என்று பார்த்தார். விடவில்லை. அவளுடைய வாய் அசைந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அசையாத வாய். என்னமோ சொல்கிறாள், நிற்பாட்டாமல் சொல்கிறாள். பாட்டுச் சத்தத்திலும் மழையிலும் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. அந்த வெறும் காற்று மூட்டையிடம் சொல்ல இவ்வளவு கதை இருக்கிறதா அவளுக்கு? கோட்டுக்காரன் மீது வந்ததும், மண்டபத்தில் வந்ததும் பொறாமையே இல்லை, இதுதான் பொறாமை என்று அவர் அப்போதுதான் அறிந்தார். சொல்லி முடித்து அவள் பாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கன நேரம் நின்றாள். பிறகு கையை விட்டாள்.

டெனிஸ்ரன் ஓட்டமும் நடையுமாக வண்டிக்கு வந்து, உடுப்பின் சிப்பை இழுத்துத் தலையை வெளியே எடுத்தான். வியர்வையில் தோய்ந்திருந்தான்.

"மாமா, அவ என்னை நீங்களெண்டு நினைச்சிட்டா. தம்பி எண்டு கூப்பிட்டவ."

யாக்கோப்பு குடையை முகத்திலிருந்து விலக்கினார்.

"தையிலை நிலக்சனாவுக்குக் கலியாணமாம். ரெண்டு தரம் உங்கடை வீட்டுக்கு வெளிக்கிட்டவவாம், கால் ஏலாமல் பாதியிலை திரும்பிட்டாவாம். போன முறை மாதிரி ஆளிட்டைச் சொல்லிவிடாமல் நேரிலை சொல்ல வேணுமெண்டு இந்த நாளைப் பாத்துக்கொண்டு இருந்தவவாம். பிள்ளையைக் கையிலை பிடிச்சுக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போக வருவியா எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"நீங்கள்தானே வாய் திறக்க வேண்டாமெண்டனீங்கள். தலையை ஆட்டினனான் மாமா. நல்லாய் ஆட்டினனான்." அவன் காலடியில் சுருங்கிக் கிடந்த உடுப்பைப் பார்த்தான். "ஆனா இதுக்குள்ளை நிண்டு ஆட்டினது வெளியிலை தெரிஞ்சிருக்குமோ தெரியேல்லை."

"பிறகு?"

"சரி, போயிட்டு வா எண்டவ."

யாக்கோப்பு குடையை அவன் கையில் கொடுத்தார். வண்டியை விட்டு இறங்கினார். பாட்டுக்காரர் சிரித்துக் கதைத்தபடி அவரைக் கடந்து போனார்கள். விறாந்தையில் கத்தரீனா தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே நடந்தாள். கதவு மூடிக்கொண்டது. விறாந்தை வெளிச்சமும் நின்றது. இருட்டுக்குள் அவர் படலையைத் தடவித் திறந்தார். பாப்பாவைக் கண்டு ஒரு நாளும் குரைக்காத நாய், சாரமும் சட்டையும் நனைய நின்ற இந்த ஆளைக் கண்டு குரைத்துக்கொண்டு ஓடிவந்தது.

உள்ளே லைற் எரிந்தது. கதவு ஒரு சாண் திறந்தது.

"ஆரது?" என்றாள் கத்தரீனா.

யாக்கோப்பு வாயைத் திறந்தார். மழைத் தண்ணீர் வாய்க்குள் போனது. நாய் குரைத்தபடியே நின்றது. கதவின் வெளிச்சம் முற்றத்துச் சேற்றில் நீளமாக விழுந்து, அவருடைய காலடிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.